பூ வைத்த கட்டு

அந்தச் சந்தையில் ஒரு பெண்ணின் வாக்குக்கு என்ன விலை என்று கேட்டால், கட்டுக்கு இரண்டு ரூபாய் என்று யாரும் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். மற்றவர்களுடைய கீரைக்கட்டு பத்து ரூபாய். கட்டுக்காரி என்றே எல்லோரும் கூப்பிடுகிற அவளுடைய கட்டு பன்னிரண்டு. மற்றவர்கள் கட்டுகிற கட்டு, கல்யாணத் தரகர் காட்டுகிற போட்டோ மாதிரி. வெளியே இளசு, உள்ளே போகப் போகத்தான் விஷயம் தெரியும். அதனால் வாங்குகிறவர்கள் முடிச்சை அவிழ்ப்பார்கள், நடுவில் விரலை விடுவார்கள், முகர்ந்து பார்ப்பார்கள், பிறகு எட்டு ரூபாய்க்குக் கேட்பார்கள். கட்டுக்காரியின் கட்டை மட்டும் யாரும் அவிழ்த்ததில்லை. வெளியே எப்படியோ உள்ளேயும் அப்படித்தான். அவிழ்க்காமல் வாங்கிப் போகிற அந்த நிம்மதிக்குத்தான் இரண்டு ரூபாய். மலிவுதான்.

அவள் விற்றது கருங்குவளை. நெல் வயலிலும் குட்டையிலும் யாரும் விதைக்காமல், யாரும் கூப்பிடாமல் முளைக்கிற செடி. வெற்றிலையை எண்ணெயில் முக்கி எடுத்ததுபோல் பளபளக்கும் இலை. நசுக்கினால் பொசுக்கென்று காற்றுப் போகிற தண்டு. நெல் முழங்கால் உயரம் வந்ததும், இலைக்காம்பின் இடுக்கிலிருந்து ஊதாப்பூ கொத்தாக எட்டிப் பார்க்கும். வயல்காரனுக்கு அது உரத்தைத் தின்னுகிற திருட்டு விருந்தாளி. பூண்டு தட்டிப்போட்டு வதக்கித் தின்கிறவர்களுக்கு அது கீரை. விடிவதற்கு முன்னால் அவள் சேற்றில் இறங்கி, நெல்லின் வேரை மிதிக்காமல் கால் பெருவிரலால் இடம் பார்த்துப் பார்த்து நகர்ந்து, அடித்தண்டில் அரிவாளை வைத்து அறுப்பாள். வாய்க்காலில் அலசுவாள். கோரைப்புல்லால் கட்டுவாள். கட்டுக்கு ஒரு பூக்கொத்து வெளியே தெரிகிற மாதிரி வைத்து முடிவாள். அது அவளுடைய கையெழுத்து.

அவள் புருஷன் வயல்களுக்குக் களைமருந்து அடிப்பவர். முதுகில் எந்நேரமும் பதினாறு லிட்டர் தெளிப்பான் தொங்குவதால் ஊரில் அவருக்கு டேங்க் என்றே பெயர். ஒரே செடியைப் புருஷன் கொன்று காசாக்கினார், பெண்டாட்டி பறித்துக் காசாக்கினாள். பக்கத்தில் கடை விரிக்கிற தக்காளிக்காரி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"உங்க வீட்ல யாரு ஜெயிச்சாலும் அடுப்பு எரியும்டி. எங்க வீட்ல யாரு ஜெயிச்சாலும் சட்டிதான் உடையும்."

இந்த இரட்டை வியாபாரம் ஓடுவதற்கு அந்த வீட்டில் ஒரே ஒரு வழக்கம் இருந்தது. ராத்திரி தட்டில் சோறு விழுந்ததும் டேங்க் அன்றைக்கு மருந்தடித்த வயல்களைச் சொல்வார். "வாய்க்கால் ஓரம் ரெண்டு. களத்துக்குக் கீழ ஒண்ணு." அவள் "ம்" என்பாள். அவ்வளவுதான். அந்த வயல்கள் அறுப்பு முடிகிற வரைக்கும் அவளுக்கு வேற்று நாடு. உப்பு போதுமா என்று கேட்பதுபோல் சாதாரணமாக நடக்கிற பேச்சு. சாதாரணமாக நடந்ததால் அதன் கனம் இரண்டு பேருக்குமே தெரியாமல் போய்விட்டது.

சண்டை மூலை வயலால் வந்தது. கடைசி மடைக்குப் பக்கத்தில் முக்கோணமாகக் கிடக்கிற வயல் அது. தண்ணீர் வற்றாது. கருங்குவளை அங்கே நெல்லோடு போட்டி போட்டு வளரும். வயல்காரர் பழைய ஆள், களைக்கு ஆள் விடுவாரே தவிர மருந்து வாங்க மாட்டார். இந்தப் போகத்தில் அவருடைய மருமகன் பொறுப்புக்கு வந்தான். டேங்க் போய்ப் பேசினார், வேலை கிடைத்தது. பெண்டாட்டியிடம் சொல்லவில்லை. அவளுக்குச் சந்தையில் தெரிந்தது, அதுவும் தக்காளிக்காரி வாயால்.

அன்றைக்கு அவள் அவரிடம் நேராகவே கேட்டாள்.

"ஊர்ல இருக்கிற அத்தனை வயலும் பத்தலையா உங்களுக்கு? என் வாயில இருக்கிறதையும் பிடுங்கணுமா?"

"நான் அடிக்கலைன்னா வேற எவனாச்சும் அடிப்பான். அந்தக் காசு வெளிய போவும்."

"போகட்டுமே. வெளியாள் அடிச்சா வெளியாளைத் திட்டிட்டுப் படுப்பேன். இப்ப யாரைத் திட்டறது?"

"வெள்ளிக்கிழமைதான் அடிக்கப்போறேன். அதுக்குள்ள பறிச்சுக்க."

"பிச்சையா?"

அதோடு பேச்சு நின்றது. மூன்று நாள் தட்டு வைக்கப்பட்டது, சோறு விழுந்தது, யாரும் எந்த வயலையும் சொல்லவில்லை. தேவைப்பட்டதை இருவரும் வீட்டு ஆட்டிடம் சொன்னார்கள். "உங்க ஐயாவுக்குத் தண்ணி சுட்டிருச்சுன்னு சொல்லு." "உங்கம்மாகிட்ட சோப்பு தீந்துபோச்சுன்னு சொல்லு." ஆட்டுக்கு அந்த வாரம் நல்ல மரியாதை.

புதன்கிழமை மழை வரும்போல் வானம் மூடியது. வயல்கார மருமகன் வீட்டுக்கே வந்து டேங்க்கைக் கூட்டிப் போனான். மழைக்கு முந்தி அடித்துவிட வேண்டும் என்றான். வெள்ளிக்கிழமை வேலை புதன் சாயங்காலமே முடிந்தது. டேங்க் வீட்டுக்கு வந்தபோது தட்டு மூடி வைத்திருந்தது. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவர் வாசற்படியில் கொஞ்ச நேரம் நின்றார். தூங்குகிறவளை எழுப்பி என்னத்தைச் சொல்வது என்று தனக்கே சொல்லிக்கொண்டார். அவளோ, சொல்ல வேண்டியவர் சொல்லட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். மழை பேருக்குத் தூறிவிட்டுப் போனது. வயலில் மருந்து வாடையை எடுத்துப்போக அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் விடிகாலையில் அவள் நேராக மூலை வயலுக்குத்தான் போனாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இது கிடையாது என்கிற ஆத்திரம் அவள் அரிவாளில் இருந்தது. தினமும் பன்னிரண்டு கட்டு அறுப்பவள் அன்றைக்கு இருபத்துநாலு அறுத்தாள். இலையில் மழைத்துளி நின்றது. பூ அன்றைக்குத்தான் மலர்ந்த பூ. அதைவிட நல்ல கீரையை அவள் அந்தப் போகத்தில் பார்த்ததில்லை. கழித்துப்போட்ட தண்டுகளை வீட்டுப் பின்பக்கத் தொட்டியில் ஆட்டுக்காக ஊறப்போட்டுவிட்டு, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சந்தைக்கு நடந்தாள்.

இருபத்துநாலும் வெயில் ஏறுவதற்குள் தீர்ந்தது. சாப்பாட்டுக் கடைக்காரர் ஆறு கட்டை மொத்தமாக எடுத்தார். தையல்காரி வழக்கம்போல் ஒன்று. தெரிந்த வீடுகள், தெரிந்த முகங்கள். கடைசிக் கட்டை மட்டும் தெரியாத ஆள் ஒருவர் வாங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே குனிந்து கேட்டார்.

"உள்ள அழுகல் இருக்குமாம்மா? பொண்ணு மசக்கையில இருக்கா. ஒண்ணும் இறங்கலை. இந்தக் கீரைதான் வேணும்னு கேட்டா."

"சந்தேகம்னா அவுத்துப் பாத்துக்குங்க."

தக்காளிக்காரி குறுக்கே விழுந்தாள். "அந்தக்கா கட்டை அவுக்கவே வேணாம் சார். கண்ணை மூடிக்கிட்டுக் கொண்டுபோங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுபோனார்.

கட்டுக்காரி கூடையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தபோது டேங்க்கின் மொபெட் சந்தைக்குள் வந்தது. சந்தைக்குள் வண்டி வரக்கூடாது. வெங்காயக்காரர் கத்தினார். டேங்க் கீழே இறங்காமலே கேட்டார். மூன்று நாளில் அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"எந்த வயல்ல பறிச்ச?"

"ஆட்டுகிட்ட கேளுங்க."

"ஏய், விளையாடாத. எந்த வயலு?"

அவர் முகத்தைப் பார்த்து அவள் எழுந்துவிட்டாள்.

"மூலை வயலு. நாளைக்குத்தானே அடிக்கிறதாச் சொன்னீங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தண்டை எடுத்துக் காட்டினார். அவள் காலையில் தொட்டியில் போட்ட தண்டு. நேராக இருந்தது இப்போது கயிறுபோல் முறுக்கிக்கொண்டு, நுனி கீழே வளைந்து, இலை ஓரம் சுருண்டு கிடந்தது. அந்த முறுக்கு அவளுக்குத் தெரியும். மருந்தடித்த வயலின் வரப்பில் போகும்போது தினமும் பார்ப்பதுதான்.

"ஆடு?"

"தின்னலை. மோந்து பாத்துட்டு விட்டுருச்சு. எத்தனை கட்டு?"

"இருபத்துநாலு."

"எத்தனை வித்த?"

அவள் காலிக் கூடையைக் காட்டினாள். டேங்க் மொபெட்டை அப்படியே சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"தின்னா என்னங்க ஆகும்?"

"தெரியலை. டப்பாவுல மண்டையோடு போட்டிருக்கு. மனுஷன் தின்னு பாத்து எவன் சொல்லியிருக்கான்?"

அவள் மூளை வேலை செய்தது. சந்தையில் வளர்ந்த மூளை, அதனால் சந்தைக்காரி மாதிரித்தான் வேலை செய்தது. உண்மையைச் சொன்னால் கீரை திரும்பி வரும், ஆனால் நாளையிலிருந்து அவள் கட்டைத் தொட ஆள் இருக்காது. சொல்லாமலே திரும்ப வாங்கிவிட்டால்? வாங்கத்தானே வேண்டும், அது அவளுக்குத் தெரியாத வித்தையா. இடுப்புச் சுருக்குப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு முதலில் தையல்காரியிடம் போனாள்.

தையல்காரி மிஷினில் கால் வைத்தபடியே நிமிர்ந்தாள்.

"அக்கா, அந்தக் கட்டைக் கொஞ்சம் திருப்பிக் குடுங்களேன். ஒரு விசேஷ வீட்டுக்காரங்க மொத்தமா கேக்கறாங்க. பதினஞ்சு தரேன்."

"விசேஷ வீட்ல வயக்காட்டுக் கீரையா?" தையல்காரி மிஷினை நிறுத்தினாள். "ஏண்டி, என்கிட்டயேவா. அவங்க உனக்கு எவ்வளவு தராங்க?"

"பதினெட்டு."

"அப்ப இருபது குடு. எனக்கும் ஒரு விசேஷம்தான்."

இருபதைக் கொடுத்துக் கட்டை வாங்கிக்கொண்டு அவள் படியிறங்குவதற்குள் செய்தி அவளுக்கு முன்னால் இறங்கிவிட்டது. கட்டுக்காரி கட்டைத் திரும்ப வாங்குகிறாளாம். இருபதாம். ஏதோ மருந்துக் கம்பெனி எடுக்கிறதாம். சர்க்கரை நோய்க்குக் கேட்கிறானாம். வெங்காயக்காரர் தன் கட்டைத் தராசுக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு, "நான் அவசரப்படலை தங்கச்சி, சாயங்காலம் நாப்பது போவும்னு சொல்றாங்க" என்றார். பிளாஸ்டிக் சாமான் விற்கிறவர் தன் கட்டைப் பூட்டிய பெட்டிக்குள் வைத்துச் சாவியை இடுப்பில் செருகினார். எப்படியோ இரண்டு கட்டு தேறியது. பை காலியாகிக்கொண்டு வந்தது.

டேங்க் பின்னாலேயே வந்தார். "சொல்லிடு" என்றார்.

"சொன்னா?"

"சொல்லிடு. நான்தான் அடிச்சேன்னு சொல்லு. என் பேரைச் சொல்லு."

"உங்க பேரை யாரு கட்டுக்குப் பன்னெண்டு குடுத்து வாங்கறாங்க?" என்றாள். கோபத்தில்தான் சொன்னாள். சொன்ன வேகத்திலேயே சாப்பாட்டுக் கடைப் பக்கம் நடந்தாள்.

சாப்பாட்டுக் கடையில் மதியக் கூட்டம் உட்கார ஆரம்பித்திருந்தது. பந்தியில் பத்துப் பன்னிரண்டு பேர், மூட்டை தூக்குகிறவர்கள், பசியில் தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அடுப்பில் பெரிய அலுமினியச் சட்டி. ஆறு கட்டும் சுருங்கி, பூண்டு வாசத்தோடு பச்சையாகக் கொதித்தது. கடைக்காரர் கரண்டியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் ஊற்றி நக்கிவிட்டு உப்பு போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தச் சட்டியை எனக்குக் குடுத்துருங்க."

"என்னது?"

"சட்டியோட. என்ன வேணாலும் தரேன்."

"தொழில் நேரத்துல வந்து சட்டியைக் கேக்கற? காலையில நீ வித்த, நான் வாங்கினேன். இப்ப வெந்துபோச்சு. வெந்ததைத் திருப்பி வாங்கற வியாபாரம் எங்கயாச்சும் உண்டா? தள்ளு, தள்ளு. ஏம்ப்பா, முதல் தட்டு எடு."

பரிமாறுகிறவன் கரண்டியைச் சட்டிக்குள் விட்டான். அவள் பந்தியைப் பார்த்தாள். முதல் தட்டுக்காரர் சோற்றில் குழி பறித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். இனி விலை பேச எதுவும் இல்லை.

"மருந்தடிச்ச கீரை!" என்றாள். பந்திச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி கத்தினாள். "யாரும் தொடாதீங்க! மருந்தடிச்ச வயல்ல பறிச்சுட்டேன். களைமருந்து. தெரியாம பறிச்சுட்டேன். என் கட்டு. என் கட்டுத்தான்."

பரிமாறுகிறவன் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டான். பிறகு கடைக்காரர் உள்ளங்கையைப் பார்த்தார். நாக்கை வெளியே நீட்டினார்.

"நான் ருசி பாத்துட்டேனேடி பாவி!"

அவர் சட்டியை இழுத்துக் கவிழ்க்கப் போனார். டேங்க் பாய்ந்து பிடித்துக்கொண்டார். சாக்கடையில் ஊற்றாதீர்கள், அது வாய்க்காலுக்குப் போகும் என்றார். இரண்டு பேரும் கொதிக்கிற சட்டியைத் துணியால் பிடித்து வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு கடைக்காரர் உப்புத் தண்ணீரைக் குடித்து, விரலை விட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி வாந்தி எடுத்தார். பக்கத்து ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு, ஒரு சொட்டுக்கு ஒன்றும் ஆகாது, நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்றார். அப்படியும் அவர் சாயங்காலம் வரை கடைப்படியை விட்டு எழுந்திருக்கவில்லை. போகிற வருகிறவர்களிடமெல்லாம், "இன்னும் சாகலை, பாத்துக்குங்க" என்று கணக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

உண்மை, பொய்யைவிட வேகமாகச் சந்தையைச் சுற்றி வந்தது. கட்டுகள் தானாகத் திரும்பி வந்தன. வெங்காயக்காரர் தராசுக்கு அடியிலிருந்து எடுத்து அவள் காலடியில் போட்டார். பூட்டிய பெட்டி திறந்தது. வீடுகளுக்குப் போனவற்றை டேங்க் மொபெட்டில் போய் வாசல் வாசலாக வாங்கி வந்தார். ஒரு வீட்டில் அரிந்து வைத்திருந்தார்கள், முறத்தோடு கொடுத்தார்கள். ஒரு வீட்டில் குழந்தைக்கு ஊட்டுவதற்குப் பிசைந்த கிண்ணத்தை அந்தத் தாய் அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். அதைச் சந்தைக்குக் கொண்டுவந்து டேங்க் இரண்டு கையாலும் கூடைக்குள் இறக்கி வைத்தார்.

தையல்காரியும் வந்தாள். எட்டு ரூபாயைக் கூடையில் எறிந்தாள்.

"பன்னெண்டுக்கு வாங்கினேன், பன்னெண்டு போதும் எனக்கு."

"அக்கா, தெரியாம நடந்துபோச்சுக்கா."

"பறிச்சது தெரியாம நடந்ததுடி. அதை யாரும் உன்னைச் சொல்ல மாட்டாங்க. விசேஷ வீடுன்னு சொன்னியே, அது தெரிஞ்சுதானே சொன்ன? நீ கேட்டப்ப நான் இல்லைன்னிருந்தா? ராத்திரி என் புள்ளைங்க தின்னிருக்குமே? உசுர் விஷயத்துல என்கிட்ட பேரம் பேசிட்டியே."

தையல்காரி போனவள் நின்று, திரும்பி வந்து, தக்காளிக்காரியின் சொம்பை எடுத்து அவளிடம் நீட்டினாள். "தண்ணியைக் குடி முதல்ல. மூஞ்சி வெளுத்துக் கிடக்கு."

பொழுது சாய்வதற்குள் எல்லாம் வந்துவிட்டது, ஒன்றைத் தவிர.

டேங்க் தெளிப்பானை இறக்கித் தக்காளிக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். பஸ் நிலையத்துக்குப் போனார்கள். பெட்ரோல் பங்கில் கேட்டார்கள். பெரிய ரோட்டில் டீக்கடை டீக்கடையாக நிறுத்தினார்கள்.

"ஹெல்மெட் என்ன கலரு?" என்று டேங்க் தலையைத் திருப்பாமல் கேட்டார்.

"செவப்பு. செவப்பு மாதிரி."

"வண்டி?"

"வண்டியையா பாத்தேன்? காசைப் பாத்தேன்."

"மூஞ்சி?"

"கழட்டவே இல்லைங்க. குரல் மட்டும் தெரியும். நல்ல மனுஷன் குரலு."

ஒரு டீக்கடைக்காரர், சிவப்பு ஹெல்மெட் ஒருத்தர் மேற்கே போனார் என்றார். இன்னொருவர், இன்றைக்கு மட்டும் சிவப்பு ஹெல்மெட் இருபது பார்த்திருப்பேன் என்றார். மேற்கே போனார்கள். ரோடு இரண்டாகப் பிரிகிற இடத்தில் டேங்க் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வயல், ஒரே மாதிரி மின்கம்பம்.

"ஏன் சொல்லலை?" என்று அவள் அவர் முதுகிடம் கேட்டாள்.

"நீ தூங்கிட்டிருந்த."

"நான் தூங்கலை."

டேங்க் இடது பக்க ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார். "தெரியும்."

அவரைத் திட்டுவதற்கு வாய்வரை வந்ததெல்லாம், தானும் கேட்கவில்லையே என்கிற இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. சட்டையில் மருந்து வாடை அடித்தது. அவள் அந்த முதுகைப் பிடித்துக்கொண்டாள். வண்டி ஆடுகிறதே என்று பிடித்ததாகவும் இருக்கலாம்.

இடது பக்கம் போய்ப் பார்த்தார்கள். திரும்பி வந்து வலது பக்கம் போனார்கள். பெட்ரோல் தீர்கிற அளவுக்கு வந்ததும் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

வாய்க்காலுக்கு எட்டாத மேட்டில் டேங்க் இடுப்பளவு குழி வெட்டினார். கட்டுகளை அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள், சட்டியில் வெந்ததையும், முறத்தில் அரிந்ததையும், கிண்ணத்தில் பிசைந்ததையும் அதனதன் கணக்கில் சேர்த்து எண்ணிக்கொண்டே கொடுத்தாள். பூக்கள் மட்டும் இன்னும் வாடவில்லை. மண் தள்ளி மூடியதும், அவர் ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தார். தட்டைப் பார்த்தபடியே, "ஆத்து மேட்டுக்கு இந்தப் பக்கம் மூணு நாளா நாலு வயல் அடிச்சிருக்கேன்" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் "ம்", "ம்" என்றாள்.

மறுநாள் காலையில் அவள் வயலுக்குப் போகவில்லை. ஆனால் சந்தைக்குப் போனாள். தன் இடத்தில் சாக்கை விரித்து, காலிக் கூடையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வழக்கமாக வாங்குகிறவர்கள் அவளைத் தாண்டி அடுத்த கடைக்குப் போய், அங்கே முடிச்சை அவிழ்த்து, நடுவில் விரலை விட்டு, முகர்ந்து பார்த்து வாங்கினார்கள். சிலர் அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அதுவும் இல்லாமல் போனவர்கள் அதிகம்.

வேலையில்லாமல் டேங்க் பின்னால் வந்து, சந்தைச் சுவரில் சாய்ந்து குந்தினார். இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார். ஹெல்மெட் போட்ட ஒவ்வொரு தலைக்கும் அவள் பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்தாள்.

தக்காளிக்காரிக்குப் பொறுக்கவில்லை.

"என்னடி விக்கிற? காத்தையா?"

"விக்கலை."

"அப்புறம் எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்க? வீட்ல போய்ப் படு. நாலு நாள் போனா எல்லாரும் மறந்துருவாங்க."

"அந்த ஆளுக்கு என் வீடு தெரியாது. இந்த இடந்தான் தெரியும். ஏதாச்சும்னா இங்கதானே வருவாரு. திட்டறதுக்காச்சும் வருவாருல்ல?"

"வரலைன்னா?"

அவள் கூடையை இன்னும் கொஞ்சம் முன்னால், ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்துக்கு நகர்த்தி வைத்தாள்.

"இருபத்துநாலு குடுத்தேன். இருபத்துமூணு வந்துருச்சு. ஒண்ணு வரணும்."